கிட்டங்கி வகுப்பு: ஒன்றரை வருடமாக மகனை அனுப்பும் ஓர் அம்மாவின் விமர்சனம்

திருநெல்வேலியில் இருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் எங்கள் ஊர். ஊர்ப் பெயரை எழுதவில்லை, வகுப்பின் பெயரையும் எழுதவில்லை. "பேரு போட்டா யாராவது கொடியத் தூக்கிட்டு வந்திருவாங்கம்மா, அப்புறம் பிள்ளைங்க வரமாட்டாங்க" என்று நடத்துகிறவர்களே கேட்டுக்கொண்டார்கள், அது நியாயம்தான். பழைய நெல் கிட்டங்கியில் (கோடவுனில்) சாயங்காலம் நடக்கிற வகுப்பு இது, சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்குக் கிட்டங்கி என்றாலே போதும். கடைக்கு வருகிற பெண்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது "அங்க பிள்ளைய அனுப்பலாமா, நல்லா சொல்லிக் கொடுக்காங்களா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

மார்க்குக்காக மட்டும் அனுப்புவதாக இருந்தால் இதைவிட நல்ல டியூஷன் பாளையங்கோட்டையில் நிறைய இருக்கிறது. நான் அனுப்பியது வேறு பயத்தில்.

வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். எனக்கு டவுனில் ஜவுளிக்கடையில் வேலை, வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. பையன் நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எட்டரை வரை அவனை என்ன ஏது என்று கேட்க ஆள் கிடையாது. அந்த நாலு மணி நேரம் ஊருக்கு வெளியே இருக்கிற ஓடைப் பாலத்துச் சுவரில் போனது. அங்கே வேலை வெட்டி இல்லாத இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு பைக் ஓட்டக் கொடுத்து, பரோட்டா வாங்கிக் கொடுத்து, "லே மாப்ள" என்று தோளில் கை போட்டால் அவன் எங்கே போவான்? வீட்டில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைக்கிறது.

அப்புறம் அந்தக் கயிறு. 2024 சித்திரையில் கோயில் கொடைக்கு அவன் கையில் இரண்டு நிறம் முறுக்கிய கயிறு ஏறியது. எங்கள் பக்கத்தில் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே இவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம். சாமி கயிறுதானே என்று முதலில் நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவன் கையைத் துவட்டும்போது கயிறு கொஞ்சம் மேலே ஏறியது, அதற்கடியில் தோல் வெளுத்து, ஓரம் அரித்துப் புண்ணாகி இருந்தது. "கழட்டி வச்சிட்டு மருந்து போடுலே" என்றேன். "கழட்டுனா கேவலமாப் பேசுவாங்கம்மா" என்றான். யார் பேசுவார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கட்டிவிட்டது வேறு யாரும் இல்லை, என் கூடப் பிறந்த தம்பி.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கூடப் படிக்கிற பள்ளிப் பையன்களே சாதிப் பகையில் அரிவாளோடு வீடு புகுந்து பிளஸ் டூ மாணவனை வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, மறு வருடம் பரீட்சை எழுதி 600-க்கு 469 வாங்கினான். வெட்டு நடந்த செய்தி டிவியில் ஓடிய இரவு நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் தம்பி, "ரெண்டு பக்கமும் கேக்கணும்லா, சும்மாவா போய் வெட்டுவாங்க" என்றான். என் மகன் தரையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டே அதைக் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காதில் விழுந்துவிட்டது. அந்த இரவு நான் வாயைத் திறந்து தம்பியை அடக்கியிருக்க வேண்டும். இன்று வரை அது உறுத்துகிறது.

2024 ஆகஸ்டில்தான் கிட்டங்கியில் சேர்த்தேன். ஓய்வுபெற்ற பி.டி. சார் (விளையாட்டு ஆசிரியர்) ஒருவர், அவரிடம் படித்து இப்போது கல்லூரிக்கும் வேலைக்கும் போகிற நாலைந்து பேர், இவ்வளவுதான் ஆட்கள். திங்கள் முதல் சனி வரை, மாலை ஐந்தில் இருந்து எட்டரை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அறுபது பேர் போல வருகிறார்கள். மாதம் 100 ரூபாய், முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், யார் கொடுக்கிறார்கள் யார் கொடுக்கவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, பழைய நெல் வாசனை இன்னும் போகவில்லை. மழைக்காலத்தில் கூரைச் சத்தத்தில் பாடம் கேட்காது, அப்போது கதை சொல்லாமல் எழுத்து வேலை கொடுத்துவிடுவார்கள்.

உள்ளே நுழைந்ததும் போனைப் பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். டின்னுக்குக் காவல் அன்றைய முறைக்காரப் பையன், சார் இல்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் சண்டை முதலில் போனில்தான் பற்றுகிறது: அரிவாளோடு ஒரு ரீல்ஸ், பின்னணியில் ஒரு சாதிப் பாட்டு, அதற்கு எதிர்த்தெருப் பையன் போடும் ஸ்டேட்டஸ். பின்னாடி போலீஸ் வழக்குப் போட்டு இழுத்துக்கொண்டு போகும்போது இவன் ஒரு லைக் போட்டவன் என்று தெரியவரும். மூன்றரை மணி நேரம் அந்தச் சூடு கையில் இல்லாமல் இருந்தாலே பாதி அடங்கிவிடுகிறது. நான் என் வீட்டில் கண்ணால் பார்த்தது இது.

உட்காரும் இடம் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும். முன்பெல்லாம் அந்தத் தெருப் பிள்ளைகள் ஒரு பக்கம், இந்தத் தெருப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்து உட்காருவார்களாம். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்ததே, அதிலும் பள்ளியில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறது, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் சாதி அடையாளமாக வரக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்த வருடம் நவம்பரில் அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் வந்தது, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் கலந்து பிரித்தார்கள். என் மகன் அங்கே நெய்தல். ரொம்ப நல்ல ஏற்பாடுதான். ஆனால் பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டியதும் நெய்தலும் கிடையாது, மருதமும் கிடையாது, தெருதான். கேட்டுக்கு வெளியே ஆள் வேண்டும் என்பதை இந்தக் கிட்டங்கிக்காரர்கள் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சனிக்கிழமை சுண்டல். மற்ற நாளில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும், சனிக்கிழமை பிள்ளைகளே சுண்டல் போட வேண்டும். முதல் நாள் ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப்போட ஒருவன், அடுப்பு பற்ற வைக்க ஒருவன், தேங்காய் துருவ, கடுகு தாளிக்க என்று குழுக் குழுவாக வேலை. என் மகன் வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்கமாட்டான், அங்கே கறிவேப்பிலை உருவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரே குண்டான், ஒரே கரண்டி, ஒரே தண்ணீர்ப் பானை. ஆரம்பத்தில் சில வீடுகளில் "அங்க எதுவும் வாங்கித் திங்காத" என்று சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று எழுத வேண்டியதில்லை, நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பி.டி. சார் அந்த வீடுகளுக்குச் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளைகளையே பரிமாற விட்டார். அறுபது பேருக்குத் தன் கையால் அள்ளிக் கொடுத்தவனுக்குத் தானும் ஒரு வாய் தின்ன எவ்வளவு நேரம் ஆகும்?

கபடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கபடி டீம் என்பதே தெரு டீம், தெரு என்றால் சாதி. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனை இறக்கி, விரல்கள் துண்டாகும்படி வெட்டினார்களே, அதற்கும் கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. அந்த வாரம் நான் போய், "கபடியை நிறுத்திருங்க சார், வேற ஏதாவது விளையாடட்டும்" என்றேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "நிறுத்துனா வெளிய போய் ஆடுவாங்கம்மா, அங்க நான் இருக்க மாட்டேன்ல" என்றார். இங்கே டீம் குலுக்கல், பனியனில் ஊர்ப் பெயர் தெருப் பெயர் எதுவும் கிடையாது. பிடி விழுந்து கீழே கிடக்கிறவனைப் பிடித்தவன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும், தூக்காவிட்டால் பாயிண்ட் கிடையாது. போன வருடம் முழுக்க அந்த மைதானத்தில் ஒரு கைகலப்பு நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. நான் சொன்னது தப்பு, அவர் செய்தது சரி.

சரி, படிப்பு. ஆங்கிலமும் சமூக அறிவியலும் நன்றாகவே நடக்கிறது, ஒரு கல்லூரிப் பெண் வந்து எடுக்கிறாள், பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சேரும்போது ஆங்கிலத்தில் 41 வாங்கியவன் இந்த அரையாண்டில் 63. கணக்குக்குச் சரியான ஆள் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கை பி.டி. சாரே கைடு பார்த்து நடத்துகிறார், பாவமாக இருக்கும். கணக்கு மட்டும் வேறு இடத்தில் ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.

இனி உண்மையான சேவை எது என்பதற்கு வருகிறேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பிள்ளை வரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்கு வருவார்கள். போன் இல்லை, நேரே வருவார்கள். சேர்த்த இரண்டாவது மாதம் என் மகன் மூன்று நாள் மட்டம் போட்டுவிட்டு மறுபடி பாலத்துக்குப் போயிருக்கிறான், எனக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு சார் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்றைக்கென்று தம்பியும் வீட்டில் இருந்தான். நான் பையனைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கடுங்காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே தம்பியிடம்தான் பேசினார். "நீ எங்கிட்ட எட்டாம் வகுப்புல ஓடுன பய. நாப்பது பேர்ல உனக்கு மட்டும்தான் ஸ்பைக் ஷூ வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு அடிதடியில் பெயர் சேர்ந்து, அவன் போலீஸ் வேலைக்கு எழுத முடியாமல் போன கதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதை அன்று சார் பேசினார், பையன் முன்னாலேயே. முக்கால் மணி நேரம். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது, "சனிக்கிழம கபடிக்கு நடுவர் இல்ல, வாலே" என்று தம்பியைக் கூப்பிட்டுவிட்டுப் போனார். முதல் இரண்டு வாரம் அவன் போகவில்லை. மூன்றாவது வாரம் போனான். இப்போது விசில் அவன் கையில்தான் இருக்கிறது.

பிள்ளையைத் திருத்தித் தருகிற இடங்கள் நிறைய விளம்பரம் போடுகின்றன, யோகா, தியானம், ஆளுமை வளர்ச்சி என்று. பிள்ளையிடம் அதை விதைத்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நாம் மாறாமல் பிள்ளை மட்டும் மாற வேண்டும் என்றால் எப்படி நடக்கும்?

பெற்றோர் கூட்டமும் வெறும் மார்க் கூட்டம் இல்லை. ஒரு தடவை வக்கீல் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பதினெட்டு ஆகவில்லை, ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று பாலத்துப் பெரிய பையன்கள் சின்னவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், பல பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறோம். 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டப்படி 16 வயது முடிந்தவன் கொலை மாதிரியான கொடுங்குற்றத்தில் சிக்கினால், சிறார் நீதிக் குழுமம் அவனுடைய மனநிலையை ஆராய்ந்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம் என்று அவர் விளக்கியபோது கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. பயமுறுத்த மட்டும் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பள்ளி சம்பந்தமான மன உளைச்சலுக்கு 14417 என்று இரண்டு எண்ணையும் ஒவ்வொருவர் போனிலும் அங்கேயே பதிய வைத்தார். என் போனில் இன்னும் இருக்கிறது.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் பென்சில் தகராறில் கூடப் படிக்கிறவனை அரிவாளால் வெட்டினான், தடுத்த டீச்சருக்கும் காயம். அதற்கு அடுத்த வாரம் எங்கள் ஊரிலும் பஸ்ஸில் ஒரு தகராறு. படிக்கட்டில் நிற்பதில் தொடங்கி எதிர்த்தெருப் பையன் ஒருவன் எங்கள் தெருப் பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். அடி வாங்கியவன் என் மகனின் கூட்டாளி. இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் பாலத்தில் ஆள் சேர்கிறது என்று டின் காவல் பையன் ஒருவன் சாரிடம் சொல்லியிருக்கிறான். எட்டு மணிக்குள் சார் இரண்டு தெருவிலும் அம்மாமார்களுக்கு மட்டும் போன் போட்டு வரச்சொல்லிவிட்டார். அப்பாக்கள் வேண்டாம் என்றுவிட்டார். கிட்டங்கிக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள், பல பேர் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்ததில்லை. முதலில் யாரும் பேசவில்லை. அப்புறம் அறைந்த பையனின் அம்மா என்னைப் பார்த்து, "எம் புள்ள ரெண்டு நாளா ராத்திரி தூங்கலக்கா, கதவுக்குப் பின்னாடி கம்ப வச்சிட்டுப் படுக்கான்" என்றாள். என் வீட்டில் அதே இரண்டு நாளும் நான் அரிவாள்மணையை எடுத்துப் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். மறுநாள் காலை அந்த பஸ்ஸில் இரண்டு அம்மாமார் பிள்ளைகளோடு போவது, ஒரு வாரம் மாற்றி மாற்றி, என்று முடிவானது. நானும் ஒரு நாள் கடைக்கு லேட்டாகப் போனேன். அவ்வளவுதான், அது அப்படியே அடங்கிவிட்டது.

குறைகளும் உண்டு, மறைக்கமாட்டேன். பெண்பிள்ளைகளுக்குச் சரியான கழிப்பறை இல்லை, அதனாலேயே அவர்கள் ஏழு பேரைத் தாண்டவில்லை. பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் என்னைப் போன்றவர்கள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மனநல ஆலோசகர் கிடையாது. அப்பா குடித்துவிட்டு அடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள், சுண்டலும் கபடியும் அதற்குப் போதாது. 500 பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற பள்ளிக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்று சந்துரு குழு சொன்னது, அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதிரி இடத்துக்கும் வாரம் ஒரு நாள் வரலாம்.

எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பையில் சைக்கிள் செயின் வைத்திருந்தான் என்று அவனை நிறுத்திவிட்டார்கள். மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு, ஒரு விதி என்றால் எல்லாருக்கும் விதிதான் என்றார்கள். புரிகிறது, என் பிள்ளையும் அங்கேதான் உட்காருகிறான். ஆனாலும் அந்த இடம் யாருக்காக இருக்கிறதோ அந்தப் பிள்ளையைத்தான் வெளியே அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வீடு தேடிப் போகிறவர்கள் அவன் வீட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போனார்கள். அவன் இப்போது பள்ளிக்கூடமும் போகவில்லை, லாரி ஷெட்டில் நிற்கிறான். சாரிடம் நேரிலேயே சொன்னேன். பதில் சொல்லாமல் இருந்தார். மறுபடி ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று இதைப் படித்தாலாவது அவர்களுக்குத் தோன்றட்டும்.

யார் அனுப்பலாம்? ஆறு, ஏழாம் வகுப்பிலேயே அனுப்புங்கள், ஒன்பதில் நான் அனுப்பியதே தாமதம். அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோதும் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது, பையன்களுக்குப் பாலத்துச் சுவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இடம் சரிவராது, சார் உங்கள் திண்ணைக்கு வருவார். என் மகன் கயிற்றை எப்போது கழற்றினான் என்று எனக்கே தெரியாது. தூக்கிப் போடவும் இல்லை, ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குக் கீழே கிடக்கிறது. நானும் கேட்கவில்லை. மணிக்கட்டில் புண் ஆறிவிட்டது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அடுத்த சேர்க்கை ஜூனில், பள்ளி திறந்த முதல் வாரம், பிள்ளையோடு வீட்டில் இருந்து பெரியவர் ஒருவர் வர வேண்டும், அம்மாதான் என்றில்லை, மாமாவும் வரலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்க வாரம் மூன்று நாள் ஆறரையில் இருந்து எட்டு வரை ஒருவர் உடனே தேவை, பொதுத்தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. சம்பளம் கிடையாது. டவுனில் இருந்து வருகிறவர்களைத் திரும்ப பஸ் ஏற்றிவிட என் தம்பி பைக்கோடு நிற்பான், கேட்டுவிட்டேன், சரி என்றான்.